பழைய டீசல் கார் ஹீட் ஆகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடம் ஓடிய டீசல் கார் ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அது ஹீட் ஆன ஒவ்வொரு முறையும் கற்றுக்கொண்டதையும், இதே தொல்லையோடு வந்த மற்ற வண்டிகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். மெக்கானிக்கல் டீசல் பம்ப் வைத்த வண்டிகளும், காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் முறை) வந்த புதிதில் வெளியான வண்டிகளும்தான் இதில் பேசப்படுகின்றன.

வண்டி ஹீட் ஆகிறது என்று சொன்னதும் தெர்மோஸ்டாட்டை மாற்று, ரேடியேட்டரை மாற்று என்று ஆளுக்கொரு சாமானின் பெயரைச் சொல்வார்கள். எதையும் வாங்குவதற்கு முன்னால், 'எப்போது ஹீட் ஆகிறது?' என்ற கேள்விக்குத் துல்லியமான பதில் உங்கள் கையில் இருக்கட்டும். கோளாறு எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. வண்டி நடுரோட்டில் இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

முதலில் ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்றையும் முழு வேகத்தில் திறந்துவிடுங்கள். கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள், உள்ளே அனலடிக்கும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே தள்ளிவிடும். அப்படியே மெதுவாக ஓரம் கட்டுங்கள்.

நிறுத்தியதும் இன்ஜினை அணைப்பதா, ஓடவிடுவதா என்பதில்தான் பலருக்குக் குழப்பம். பானெட்டிலிருந்து ஆவி வந்தால், அடியில் தண்ணீர் கொட்டினால், பெல்ட் அறுந்திருந்தால், அல்லது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தும் குளிர்ந்த காற்றே வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இல்லை, அல்லது சுற்றவில்லை என்று அர்த்தம். இவை எதுவும் இல்லாமல், மேடு ஏறும்போது முள் மட்டும் ஏறியிருந்தால் ஐடிலிங்கில் ஓடவிடுங்கள். டீசல் இன்ஜின் ஐடிலிங்கில் மிகக் கொஞ்சம் எரிபொருளைத்தான் எரிக்கும். அதனால் புதிதாகப் பிறக்கும் சூடும் குறைவு. வாட்டர் பம்ப் மட்டும் தண்ணீரைச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் முள் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றலாமா?

சூடாக இருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். கூலன்ட்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கலவை, சுமார் 1 பார் அழுத்தத்தில் 125 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடும். அதுவரை அமைதியாக இருந்த தண்ணீர் அந்த நொடியே கொதித்து, முகத்திலும் கையிலும் பீய்ச்சியடிக்கும்.

குறைந்தது 45 நிமிடம் காத்திருங்கள். மேல் ஹோஸை (இன்ஜினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் போகும் ரப்பர் குழாயை) கையால் பிடித்து, சுடாமல், மெத்தென்று அமுக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு தடிமனான துணியைப் போட்டு மூடியைக் கால் சுற்று மட்டும் திருகி, 'உஸ்' என்ற சத்தம் அடங்கிய பின் கழற்றுங்கள். ஆறாத இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் அலுமினிய ஹெட் (சிலிண்டர்களை மூடியிருக்கும் மேல்பகுதி) வளையலாம், விரிசலும் விடலாம். மூடியைத் திறந்ததும் கையைச் சுடாத அளவுக்கு இன்ஜின் ஆறியிருந்தால்தான் ஊற்ற வேண்டும். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

இன்ஜின் எவ்வளவு சூட்டில் ஓடுவது சரி?

பெரும்பாலான பழைய டீசல்களில் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். ஓட்டத்தில் 85 முதல் 95 வரை இருக்கும். மின்சார ஃபேன் 92 முதல் 98 டிகிரிக்குள் ஓடத் தொடங்கும். நீண்ட மேட்டில் 100ஐத் தொட்டுவிட்டு இறங்கினால் பயப்பட வேண்டியதில்லை. ஏறியது இறங்க மறுத்தால்தான் கவலைப்பட வேண்டும்.

'எப்போது ஹீட் ஆகிறது' என்பதை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

நெரிசலில் ஊர்ந்தால் ஹீட், வேகமெடுத்தால் சரியாகிவிடுகிறது என்றால் காற்றுப் பக்கம் கோளாறு. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று ஃபேனின் வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே ஃபேன், அதன் ரிலே, ஃபேன் ஸ்விட்ச் (சூடேறியதும் ஃபேனை ஓடவைப்பது), ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டு ஆகியவற்றைப் பாருங்கள். அந்தக் கூண்டு உடைந்தோ கழற்றப்பட்டோ இருந்தால், ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் தன்னைச் சுற்றியிருக்கும் காற்றையே கடைந்துகொண்டிருக்கும். இதில் டீசலுக்கே உரிய ஒரு குறிப்பு: டீசல் ஐடிலிங்கில் எளிதில் சூடாகாது. ஏசி கூட இல்லாமல், சும்மா நிற்கும்போதே கொதிக்கிறதென்றால் கூலன்ட் ரொம்பவும் இறங்கியிருக்க வேண்டும், அல்லது சுற்றோட்டமே நின்றிருக்க வேண்டும்.

ஊருக்குள் நன்றாக ஓடி, நெடுஞ்சாலையில் 90, 100 வேகத்திலோ மேட்டிலோ மட்டும் ஹீட் ஆனால் பெரும்பாலும் தண்ணீர்ப் பக்கம் கோளாறு. இன்ஜின் உண்டாக்கும் சூட்டுக்கு ஈடாக ரேடியேட்டரால் சூட்டை வெளியேற்ற முடியவில்லை. உள்ளே அடைத்த ரேடியேட்டர், வெளியே மண் பூசிய ரேடியேட்டர், தேய்ந்த பம்ப், சப்பையாகும் கீழ் ஹோஸ், பிடிப்பு விட்ட விஸ்கஸ் ஃபேன் (இன்ஜினோடு சுற்றும் ரகம்) ஆகியவை சந்தேகப் பட்டியலில் வரும். ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் அடைக்கும் தகடு) போகத் தொடங்கும்போதும் முதலில் மேட்டில்தான் காட்டிக்கொடுக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே முள் கிடுகிடுவென்று ஏறினால், பெரும்பாலும் மூடிய நிலையில் சிக்கிய தெர்மோஸ்டாட், உள்ளே சிக்கிய காற்று, பழுதான சென்சார் இந்த மூன்றில் ஒன்று.

முள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடினால், பெரும்பாலும் உள்ளே காற்றுக்குமிழி சுற்றிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் குறைந்து வந்த காற்றா, கேஸ்கட் வழியாக வந்த வாயுவா என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏசி போட்டால் மட்டும் ஏறினால், கண்டன்ஸர் (ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் சூட்டை வெளியேற்றுவது) அடைத்திருக்கிறதா, ஃபேனின் இரண்டாவது வேகம் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

கேஜ் காட்டுவதை நம்பலாமா?

பாதிதான் நம்பலாம். ஹெட்லைட் போட்டதும் முள் கொஞ்சம் ஏறுகிறதா? இன்டிகேட்டரோடு சேர்ந்து துடிக்கிறதா? அப்படியென்றால் எர்த் சரியில்லை. டேஷ்போர்டின் எர்த்தையும் இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையையும் சுத்தம் செய்யுங்கள்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. தண்ணீர் முழுவதும் கொட்டிப்போனால் சென்சார் காற்றில் தொங்கும். அப்போது முள் ஏறாமல் நார்மலிலேயே நிற்கும், சில சமயம் இறங்கவும் செய்யும். இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். ஹீட்டர் திடீரென்று குளிர்ந்த காற்றை ஊதினால் கேஜை நம்பாமல் வண்டியை நிறுத்துங்கள்.

தொடாமலே சூட்டை அளக்கும் துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் காட்டி அளக்கலாம். பளபளப்பான அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் அளந்தால் சரியான அளவு கிடைக்கும்.

தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா என்று கழற்றாமல் பார்க்க முடியுமா?

முடியும். கையே போதும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸில் கை வையுங்கள். பல வண்டிகளில் தெர்மோஸ்டாட் மேல் ஹோஸ் புறப்படும் இடத்தில் இருக்கும். முதல் ஐந்தாறு நிமிடம் ஹோஸ் குளிர்ந்தே இருக்க வேண்டும். முள் நடுவை நெருங்கும்போது அந்த ஹோஸ் திடீரென்று சூடாகும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறாது. ஒரு நிமிடத்துக்குள் கையை எடுக்க வைத்துவிடும். அதுதான் தெர்மோஸ்டாட் திறந்த கணம். முள் சிவப்பை நெருங்கியும் மேல் ஹோஸ் சும்மா இருந்தால் திறக்கவில்லை. ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்திலிருந்தே லேசாகச் சூடாகிக்கொண்டே வந்தால் மூடவே இல்லை. ஃபேன் இறக்கைக்கும் பெல்ட்டுக்கும் கையும் சட்டை நுனியும் தள்ளியே இருக்கட்டும். மின்சார ஃபேன் சொல்லாமல் சுற்றத் தொடங்கும்.

கழற்றிச் சோதிப்பதென்றால் பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். உடலில் பொறித்த எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின் திறந்தால் நல்லது. திரும்பப் பூட்டும்போது சிறிய ஆடும் ஊசி உள்ள துளை மேல்பக்கம் வர வேண்டும். உள்ளே சிக்கும் காற்று அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டலாம் என்கிறாரே மெக்கானிக்?

இது பரவலாகச் சொல்லப்படும் யோசனை. எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத யோசனையும் இதுதான்.

பல டீசல் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வட்டுகள் உண்டு. மேல் வட்டு திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும்போது, கீழ் வட்டு பைபாஸ் வழியை அடைக்கும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சுலபமான வழி இருக்கும்போது தண்ணீர் ஏன் ரேடியேட்டரின் குறுகலான குழாய்களுக்குள் போக வேண்டும்? சூடான தண்ணீரில் ஒரு பெரும் பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலேயே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். அதாவது ஹீட்டைக் குறைக்கச் செய்த வேலை மேட்டில் ஹீட்டைக் கூட்டிவிடும்.

பைபாஸ் வட்டு இல்லாத இன்ஜினில் நேர்மாறாக நடக்கும். இன்ஜின் சூடே ஏறாது. டீசல் தானாகப் பற்றிக்கொள்ள உலோகச் சூடு வேண்டும். 50, 60 டிகிரியிலேயே ஓடினால் எரிபொருள் முழுதாக எரியாது, கரி படியும், ஆயிலில் டீசல் கலக்கும், சிலிண்டர் சுவர் தேயும், மைலேஜும் விழும். தெர்மோஸ்டாட் விலை குறைந்த சாமான். சந்தேகம் வந்தால் புதிதாகப் போட்டுவிடுங்கள், இல்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள்.

ரேடியேட்டரைப் பார்த்தேன், வெளியே சுத்தமாக இருக்கிறது. அது சரிதானே?

நீங்கள் பார்த்தது அநேகமாக ஏசி கண்டன்ஸர். ரேடியேட்டர் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

என் வண்டி மேடு ஏறினால் முள்ளும் ஏறியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார்கள். பிறகு வாட்டர் பம்ப். பிறகு ரேடியேட்டர் மூடி. ஒன்றும் மாறவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே முன் பம்பரைக் கழற்றி, கண்டன்ஸரின் மேல் போல்ட்டுகள் இரண்டையும் எடுத்து, ஏசி பைப் இழுபடாமல் அதை மூன்று விரல் அகலத்துக்கு முன்னால் சாய்த்துப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் கம்பளித்துணி மாதிரி ஒரு படலம்: மண், பஞ்சு, பூச்சி இறகு, சருகு எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி இறுகியிருந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். பாய் சுருட்டுவதுபோல ஒரே துண்டாக உரிந்து வந்தது. ரேடியேட்டரின் கீழ்ப்பாதி முழுக்க அது மூடியிருந்திருக்கிறது. அன்று மாலையே அதே மேட்டில் ஏறிப் பார்த்தேன். முள் நடுவை விட்டு அசையவில்லை.

சுத்தம் செய்யும்போது இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள், அழுக்கு வந்த வழியே போகும். சாதாரணக் குழாயின் வேகம் போதும். பிரஷர் வாஷரை நெருக்கமாகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து, அவையே காற்றை அடைக்கும்.

உள் அடைப்பை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பிடிக்கலாம். இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது ரேடியேட்டர் முகப்பில் வரிசை வரிசையாக அளந்து வாருங்கள். சூடு நுழைவாயிலிலிருந்து வெளிவாயில் வரை படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் ஓரிடம் மட்டும் சட்டென்று குளிர்ந்திருந்தால், அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை.

உள்ளே படிந்த உப்பை எப்படிக் கழுவுவது?

சிட்ரிக் அமிலம் நல்ல வேலை செய்யும். பழைய கூலன்ட்டை முழுதாக வடித்து, வெறும் தண்ணீரில் ஒருமுறை கழுவிவிட்டு, லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வீதம் கரைத்து ஊற்றுங்கள். ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் வைத்து, 80 டிகிரி வந்ததும் 10 நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டு வடித்துவிடுங்கள். துருநிறத்தில் வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். அமிலத்தை ராத்திரி முழுக்க உள்ளே விட்டுவைக்காதீர்கள். அலுமினிய ரேடியேட்டரில் வாஷிங் சோடா வேண்டவே வேண்டாம், அது அலுமினியத்தை அரித்துவிடும். மிகப் பழைய ரேடியேட்டரில் சில ஓட்டைகளை அந்த உப்புதான் அடைத்து வைத்திருக்கும். கழுவிய பின் ஒழுகத் தொடங்கினால் கோர் (உள்ளிருக்கும் குழாய்த் தொகுதி) அதற்கு முன்பே உளுத்துப்போயிருந்தது என்று பொருள்.

ஃபேன் சுற்றுகிறது. ஆனாலும் சந்தேகம்.

மின்சார ஃபேனில் திசையைப் பாருங்கள். வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் காற்று எதிர்ப்பக்கம் போகும். முன்னால் ஒரு தாளை வைத்தால் அது ரேடியேட்டரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஃபேன் ஸ்விட்ச்சின் பிளக்கைக் கழற்றி இரண்டு முனைகளையும் இணைத்ததும் ஃபேன் ஓடினால் மோட்டாரும் ரிலேயும் சரி, ஸ்விட்ச்தான் போயிருக்கிறது. இது இரண்டு முனை ஸ்விட்ச் உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டும் பொருந்தும்.

இன்ஜினோடு சுற்றும் விஸ்கஸ் ஃபேன் வேறு ரகம். அதற்குள் சிலிக்கோன் ஆயில் இருக்கும். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானதும், முகப்பிலுள்ள சுருள் உள்ளே வழியைத் திறந்து, ஆயில் ஃபேனை இறுகப் பிடிக்கும். இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது அணைத்துவிட்டு, சாவியை எடுத்த பின் ஃபேனைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கனமாக நகர்ந்து உடனே நிற்க வேண்டும். மூன்று நான்கு சுற்று தாராளமாக ஓடினால் கிளட்ச் போய்விட்டது. அதன் முகப்பில் எண்ணெய்க் கசிவின் கறை இருந்தாலும் அதே முடிவுதான்.

மூடிக்கு இவ்வளவு முக்கியத்துவம் உண்டா?

உண்டு. மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பது அது தாங்கும் அழுத்தம், பாரில். ரப்பர் வெடித்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். இன்ஜின் ஆறிய பின் மேல் ஹோஸ் உறிஞ்சிய மாதிரி ஒட்டிக்கிடந்தால், மூடியின் நடுவிலுள்ள சின்ன வேக்குவம் வால்வு சிக்கியிருக்கிறது. பழைய மூடியில் என்ன எண் இருந்ததோ அதையே வாங்குங்கள். அதிக அழுத்த மூடி போட்டால் பழைய ஹோஸும் ஹீட்டர் கோரும் தாங்காது.

வாட்டர் பம்ப் ஒழுகவில்லை. அப்படியானால் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. ஒழுகாத பம்பும் தண்ணீரைத் தள்ளாமல் இருக்கலாம். வெறும் தண்ணீரில் வருடக்கணக்காக ஓடிய இன்ஜினில் இரும்பு இறக்கைகள் துருவில் கரைந்து பாதியாகியிருக்கும். பிளாஸ்டிக் இறக்கை வைத்தவற்றில் இறக்கை தண்டை விட்டு நழுவி, தண்டு மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். ஹீட்டர் ஐடிலிங்கில் குளிர்ந்தும், ரேஸ் செய்தால் சூடாகவும் ஊதினால் கூலன்ட் அளவையும் பம்பையும் பாருங்கள்.

பம்பை ஃபேன் பெல்ட் ஓட்டினால் பெல்ட்டின் பக்கவாட்டு கண்ணாடிபோலப் பளபளக்கிறதா என்று கவனியுங்கள். பளபளத்தால் அது நழுவுகிறது.

கீழ் ஹோஸை மறந்துவிடுகிறார்கள். பம்ப் அதன் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. ரப்பர் தளர்ந்து, உள்ளே இருந்த கம்பிச் சுருளும் துருப்பிடித்துப் போயிருந்தால், ஐடிலிங்கில் உருண்டையாக இருக்கும் ஹோஸ் ரேஸ் செய்ததும் சப்பையாகிவிடும். ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, இன்னொருவர் கீழே பார்த்தால் கண்ணெதிரே தெரியும். நெடுஞ்சாலையில் மட்டும் ஹீட் ஆகும் வண்டியில் இதை அவசியம் பாருங்கள்.

தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. எங்கும் ஒழுகவில்லை.

சூடான இன்ஜினில் ஒழுகும் சொட்டு தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடும். அதனால் ஈரத்தைத் தேடாமல் தடத்தைத் தேடுங்கள்: ஹோஸ் கிளிப் ஓரங்களிலும், பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலும், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி சேரும் விளிம்பிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கும். முன்சீட்டு மேட் நனைந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான புகைபடிந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. இஜிஆர் கூலர் (இன்ஜினுக்கே திருப்பிவிடும் புகையைக் குளிர்விப்பது) உள்ள வண்டியில் அதுவும் உள்ளுக்குள் ஒழுகலாம். ஆயில் கூலர் ஒழுகினால் எக்ஸ்பான்ஷன் டேங்க்கில் (சூட்டில் விரியும் கூலன்ட் ஏறும் தொட்டியில்) எண்ணெய்ப்படலம் மிதக்கும். அதைப் பார்த்ததும் கேஸ்கட் போய்விட்டது என்று ஹெட்டை இறக்கிவிடாதீர்கள், ஆயில் கூலரை முதலில் சோதியுங்கள். கையால் அடிக்கும் பிரஷர் டெஸ்டரை மூடி இடத்தில் மாட்டி, குளிர்ந்த நிலையில் 1 பார் ஏற்றி 15 நிமிடம் விட்டால் பெரும்பாலான ஒழுகல்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹெட் கேஸ்கட் போய்விட்டதா என்று எப்படி உறுதி செய்வது?

இதில் அவசரமும் தாமதமும் இரண்டுமே செலவு வைக்கும். ஹெட்டை இறக்குவதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன.

இரவு முழுக்க ஆறிய இன்ஜினில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் மேல் ஹோஸைத் தொடுங்கள். இன்னும் கல்லாக இறுகியிருந்தால் உள்ளே இருப்பது ஆவியின் அழுத்தம் அல்ல. ஆவி ராத்திரியே குளிர்ந்து அடங்கியிருக்கும். அது சிலிண்டரிலிருந்து வந்த வாயு. அடுத்து மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டு, திரும்ப மூடி, ஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு நிமிடத்துக்குள், தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகாத நிலையில், ஹோஸ் விறைத்தால் சந்தேகம் உறுதியாகிறது.

நீலத் திரவத்தில் கூலன்ட்டுக்கு மேலே சேரும் வாயுவை விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனையை டீசலில் கவனமாகச் செய்ய வேண்டும். டீசல் ஐடிலிங்கில் ஏகப்பட்ட காற்றோடு எரிகிறது. திரவத்தின் நிறத்தை மாற்றும் கார்பன் டை ஆக்சைடு அதன் புகையில் சில சதவீதம்தான் இருக்கும். அதனால் ஐடிலிங்கில் வைத்துப் பார்த்துவிட்டு, நிறம் மாறவில்லை, கேஸ்கட் நல்லது என்று சொன்னால் ஏமாந்துபோவீர்கள். வண்டியை நன்றாக மேட்டில் இழுத்துவிட்டு வந்து சோதியுங்கள். டீசலுக்கென்று தனியாக வரும் திரவத்தையே வாங்குங்கள்.

எந்த சிலிண்டர் என்று தெரிய வேண்டுமா? மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய இன்ஜினில் ஒரு வழி உண்டு. எக்ஸ்பான்ஷன் டேங்க்கில் குமிழி வந்துகொண்டிருக்கும்போது, பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, இன்ஜெக்டர் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது குமிழி குறைகிறதோ அந்த சிலிண்டர்தான். காமன் ரெயில் இன்ஜினில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். அங்கே அழுத்தம் 1000 பாரையும் தாண்டக்கூடும். நூல்போலப் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது கையையே இழக்க வைக்கும் காயம்.

ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் மட்டும் கேஸ்கட் என்று முடிவு கட்டாதீர்கள். குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கிலும் பால்நிறம் வந்து, ஆயில் அளவும் ஏறியிருந்தால் விஷயம் வேறு.

ராத்திரி நின்ற வண்டி காலையில் 'டக்' என்று முட்டி நின்று, ஸ்டார்ட்டர் சுற்ற மறுத்தால் மறுபடி சாவியைத் திருகாதீர்கள். 500 சிசி சிலிண்டர், கம்ப்ரஷன் 22க்கு 1 என்றால் பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் சுமார் 24 மில்லிலிட்டர், ஐந்து டீஸ்பூன்கூட இல்லை. அதற்கு மேல் தண்ணீர் இறங்கியிருந்தாலே கனெக்டிங் ராடு வளையக்கூடும். குளோ பிளக்குகளை (ஸ்டார்ட் செய்வதற்கு முன் சிலிண்டரைச் சூடாக்குபவை) கழற்றிவிட்டுச் சுற்றினால் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாக வெளியே வந்துவிடும். முகத்தை அங்கே காட்டாதீர்கள்.

ஹெட்டை இறக்கியாயிற்று. எதைக் கவனிக்க வேண்டும்?

கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிடுவதுதான் திரும்ப வருவதற்கான வழி. நேரான விளிம்புள்ள அளவுகோலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து ஹெட்டின் வளைவை நீளத்திலும் குறுக்கிலும் அளக்கச் சொல்லுங்கள். அலுமினிய ஹெட்டில் 0.1 மில்லிமீட்டர்தான் பல தயாரிப்பாளர்கள் தரும் எல்லை. உங்கள் இன்ஜின் மேனுவலில் உள்ள எண்ணே இறுதி.

வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து இழைத்துவிடலாம் என்பார்கள். டீசலில் இது பெட்ரோல் மாதிரி அல்ல. பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. ஹெட்டை இழைத்தால் அது இன்னும் குறையும். டீசல் ஹெட்டை இழைக்கவே கூடாது என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. மேனுவலைப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேஸ்கட்டின் தடிமனும் ஒரே அளவில் வராது. பிஸ்டன் பிளாக்கை விட்டு எவ்வளவு மேலே எட்டிப் பார்க்கிறது என்பதற்கேற்ப பல இன்ஜின்களுக்கு மூன்று தடிமன்கள் உண்டு. விளிம்பிலுள்ள துளைகளோ வெட்டுகளோ அதைக் காட்டும். பழையதில் எத்தனை இருந்ததோ அதையே வாங்குங்கள். வால்வுகளுக்கு நடுவிலும் ப்ரீ சேம்பர் (சில டீசல்களில் எரிதல் தொடங்கும் சிறு அறை) ஓரத்திலும் விரிசலைத் தேட வேண்டும், ஹெட்டைப் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்ல வேண்டும். ஹெட் போல்ட்டுகள் இறுக்கும்போது இழுபட்டு நீளும் வகை என்றால் புதியவைதான் போட வேண்டும். டார்க் ரெஞ்ச்சோடு மேனுவலில் உள்ள வரிசைப்படியே இறுக்க வேண்டும்.

கேஸ்கட் போனதற்கு முன்னால் வண்டி ஹீட் ஆகியிருக்கும். அந்த முதல் காரணத்தைச் சரிசெய்யாமல் புது கேஸ்கட்டோடு ஓட்டினால் அதுவும் போகும்.

வெறும் தண்ணீரே ஊற்றி ஓட்டினால் என்ன?

அவசரத்துக்கு ஊற்றலாம், அப்படியே விட்டுவிடக் கூடாது. குழாய்த் தண்ணீர் உப்பைப் படியவைக்கும், இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். டிஸ்டில்டு தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி சேருங்கள். வெட் லைனர் (கூலன்ட் நேரடியாகத் தொடும் தனி சிலிண்டர் உறை) வைத்த சில டீசல் இன்ஜின்களில் இது இன்னும் முக்கியம். லைனர் அதிரும்போது அதன் வெளிச்சுவரில் குமிழிகள் வெடித்து வெடித்து ஊசித் துளைகள் போடும். அதற்கான காப்பு கூலன்ட்டில் உள்ள மருந்துதான்.

நிறத்தை வைத்துக் கலக்காதீர்கள். பச்சை, சிவப்பு என்பதெல்லாம் சாயம். ரகம் வேறாக இருந்தால் கூழாகித் திரியலாம், அரிப்புக் காப்பும் போய்விடும். வடித்த கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் நஞ்சு. குழந்தைகளும் நாய், பூனையும் குடித்துவிடும்.

ஒழுகலை அடைக்கும் பவுடர் போடலாமா?

வேண்டாம். ஓட்டையை அடைப்பது ஹீட்டர் கோரையும் ரேடியேட்டர் குழாயையும் சேர்த்தே அடைக்கும்.

கூலன்ட் மாற்றிய பிறகுதான் ஹீட் ஆகிறது. ஏன்?

காற்று சிக்கியிருக்கிறது. வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்துங்கள். ஹீட்டரைச் சூட்டுப் பக்கம் திருப்புங்கள். தெர்மோஸ்டாட் கூட்டிலோ ஹீட்டர் ஹோஸிலோ காற்று வெளியேற்றும் ஸ்க்ரூ இருந்தால் திறந்து வைத்து, குமிழி இல்லாத கூலன்ட் வரும்வரை மெதுவாக ஊற்றுங்கள். பிறகு மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, ஹோஸ்களை அமுக்கி அமுக்கி விடுங்கள். அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள். தண்ணீர் பொங்கி ஏறத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் அளவை ஒருமுறை பார்த்து நிரப்புங்கள்.

எல்லாம் மாற்றிவிட்டேன். இன்னும் ஹீட் ஆகிறது.

கூலிங் சிஸ்டத்தை விட்டு வெளியே வாருங்கள். சூடு குறைவாக வெளியேறுவதற்குப் பதிலாக அதிகமாகப் பிறக்கலாம். டீசல் பம்ப்பின் டைமிங் (டீசலைத் தெளிக்கும் நேரம்) முன்னால் போனாலும் பின்னால் போனாலும் இன்ஜின் சூடாகும். டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு தொல்லை தொடங்கியிருந்தால் இதை முதலில் பாருங்கள். ஒழுங்காகத் தூவாத இன்ஜெக்டர், அடைத்த ஏர் ஃபில்டர், பம்ப் தரும் டீசல் அளவை யாரோ கூட்டிவைத்தது என எதுவானாலும் கரும்புகையோடு சூடும் வரும். சைலன்சர் உள்ளே இடிந்து அடைத்திருந்தால் இழுவையும் குறைந்திருக்கும்.

பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். பிரேக்கை அதிகம் தொடாமல் 10 கிலோமீட்டர் ஓட்டி, மெதுவாக உருட்டி நிறுத்தி, நான்கு வீல்களின் நடுப்பகுதியையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 40, 50 டிகிரி அதிகமாகக் காட்டினால், இன்ஜின் இவ்வளவு நாளும் இறுகிய பிரேக் காலிப்பரை (பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் பகுதியை) இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அந்த வீலைக் கழற்றி காலிப்பர் பின்னையும் பிஸ்டனையும் விடுவித்துவிட்டு, அதே மேட்டில் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.